மேட்ச்சுக்கு ஜாதகம் போடும்போது நேரம் எடுப்பது எப்படி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலை அல்ல. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தேன். அதிலும் தமிழுக்கு நல்ல புள்ளி வந்ததில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். யட்டியாந்தோட்டை பஜாரில், போட்டோக்கொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போடுகிற ஒரு கொமியுனிகேஷன் கடையின் மூலையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ஜாதகம் எடுத்துக் கொடுப்பவன் நான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இப்போது போனிலேயே ஆப் வைத்துக்கொண்டு மேட்ச் பார்க்கிறார்கள். மேட்ச் பார்ப்பது என்று எங்கள் தொழிலில் சொன்னால் டிவியில் பார்ப்பது அல்ல. யார் ஜெயிப்பார்கள் என்று கட்டம் போட்டுப் பார்ப்பது. அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “அண்ணே, நேரத்த எப்பிடி எடுக்கிறது?” வாயால் சொல்லி விளங்கப்படுத்த எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். பெரியவர்கள் யாராவது வாசித்தால், இவனுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைக்க வேண்டாம்.

1. பெரட்டுக்குத் தப்பு அடித்த நேரம்

நான் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். ரப்பர் மரத்துக்கு மழை ஆகாது. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. மழை பெய்தால் எங்களுக்கும் வேலை இல்லை. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் நானாவின் கடைக்குப் போட்டோக்கொப்பி அடிக்க வந்தேன். கடைக்குச் சொந்தக்காரரை பஜாரில் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவர் நானாதான்.

கொழும்பில் கம்ப்யூட்டர் வாங்கியபோது அதற்குள் ஜாதகம் கணிக்கிற சொப்ட்வெயார் ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டது. நானாவுக்கு அது பிடிக்கவில்லை. அழிக்கவும் மனசு வரவில்லை.

“இது எங்களுக்கு ஹராம் தம்பி” என்றார். “எனக்கு ஏலா. நீங்க அந்த மூலையில இருந்து செய்ங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.”

உண்மையிலேயே திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்த மூலை இன்று வரை என்னுடையது.

முதல் நாள் வந்தது எங்கள் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர். மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், ஜாதகம் வேண்டும் என்றார். திகதி சொன்னார், ஊர் சொன்னார்.

“எத்தன மணிக்குப் பொறந்துச்சும்மா?”

“பெரட்டுக்குத் தப்பு அடிச்சிக்கிட்டு இருந்தாங்க.”

“அது எத்தன மணி?”

“அத கங்காணிக்கிட்டத்தான் கேக்கணும்.”

திரும்பி உட்கார்ந்திருந்த நானா அந்தப் பக்கமிருந்தே சொன்னார்: “கங்காணி மௌத்தாகி எத்தின வருசம்! எங்க போய்க் கேக்கிற?”

அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்ப்யூட்டரில் மணி என்ற பெட்டிக்குள் குச்சி மினுங்கிக்கொண்டிருந்தது. தப்பு அடிக்கிற நேரம் என்று அதில் எழுத முடியாது. அந்தத் தோட்டத்துக்கே ஆள் அனுப்பி, பெரட்டு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டம், எத்தனை மணிக்குக் கூடும் என்று விசாரித்து, மறுவாரம்தான் ஜாதகம் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு இன்னொன்றும் படித்தேன். அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு நேரத்தைக் கழித்துப் போட வேண்டும். போடாவிட்டால் இலக்கினமே மாறிவிடும். இலக்கினம் என்றால் அந்த நேரத்தில் கிழக்கே எழும்புகிற ராசி. அதுதான் முதல் வீடு. மற்றப் பதினொரு வீடுகளையும் அதிலிருந்துதான் எண்ணுவோம். முதல் வீடு பிழைத்தால் எல்லாம் பிழை.

2. இரண்டு கட்சிக்கும் ஒரே நேரம்

மேட்ச் பார்க்க முதலில் வந்தவன் சுனில் மல்லி. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. கீழ்க் கிராமத்து சொப்ட்போல் கிரிக்கெட் டீமின் கெப்டன். புதுவருடத்துக்கு எங்கள் தோட்டத்து டீமோடு மேட்ச். கடைக்குள் வந்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, “அய்யே, அபி தினனவாத?” என்று கேட்டான். நாங்கள் ஜெயிப்போமா என்று.

எனக்கு அப்போது மேட்ச் பார்க்கத் தெரியாது. கேட்டு, வாசித்துப் படித்தேன். முறை கடினம் இல்லை. கேட்டு வருகிறவனுடைய கட்சிக்கு முதல் வீடு. எதிர்க் கட்சிக்கு ஏழாம் வீடு. ஆறாம் வீட்டில் போட்டி. பதினோராம் வீட்டில் லாபம். முதல் வீட்டுக்காரன், அதாவது அந்த ராசிக்குச் சொந்தக்காரனான கிரகம், பதினொன்றில் நின்றால் கேட்டவன் ஜெயிப்பான். பன்னிரண்டில் போய் மறைந்தால் தோற்பான். இவ்வளவுதான் அடிப்படை. மீதி எல்லாம் அனுபவம்.

சுனில் திரும்ப வந்தபோது கட்டம் ஜெயம் என்று சொன்னது. அவனுக்கு அது போதவில்லை. கிரவுண்டுக்குள் கால் வைக்க நெகத, அதாவது சுப நேரம், வேண்டும் என்றான். சிங்கள ஆட்கள் நெகத இல்லாமல் புதுவருடத்தில் அடுப்புகூடப் பற்ற வைக்க மாட்டார்கள். இராகு காலம் தள்ளி, நல்ல நேரம் பார்த்து, கிழக்குப் பார்த்தபடி வலது காலை வைத்து உள்ளே போகச் சொன்னேன்.

அன்று மத்தியானம் எங்கள் தோட்டத்து கெப்டன் பாலா வந்தான். அவனுக்கும் அதே கேள்வி, அவன் கேட்ட நேரத்துக்கும் ஜெயம், அதே நல்ல நேரம். நான் ஏமாற்றவில்லை. நாள் ஒன்று, அதில் நல்ல நேரமும் ஒன்றுதான் இருந்தது. அவனுக்கும் கிழக்குப் பார்த்து வலது கால்.

மேட்ச் அன்று போய்ப் பார்த்தால், கிரவுண்டின் மேற்கு ஓரத்தில் இரண்டு டீமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறது. கிழக்குப் பக்கம் ஒரு நாய்கூட இல்லை. நேரம் வரும்வரை யாரும் கோட்டைத் தாண்டவில்லை. நடுவில் தனியாக நின்ற அம்பயர் ஒரு பள்ளிக்கூடத்து சேர். விக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, “எனவாத நெத்த?” என்று கத்துகிறார். வருகிறீர்களா இல்லையா என்று. ஒருவரும் அசையவில்லை. பிறகு திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் வலது காலைத் தூக்கினார்கள். மேட்டில் நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதில் ஒருத்தி என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியாக, “ஏன் ஜாதகக்காரரே, ரெண்டு டீமுக்கும் ஜெயம்னு சொல்லிட்டீங்களாமே? அப்ப தோக்குறது யாரு, அம்பயரா?” என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்று எங்கள் டீம் தோற்றது. பாலா கடைக்கு வந்து, “நம்ம நேரத்த அவனுங்களுக்கும் எதுக்கு குடுத்தீங்க?” என்று சண்டை போட்டான். சுனில் ஒரு தட்டில் கொக்கிஸ் பலகாரம் கொண்டுவந்து வைத்தான். நான் இரண்டையும் கவனிக்கவில்லை. அவள் கேட்டது மட்டும் காதில் இருந்தது.

அவள் பெயர் ராஜி. அடுத்த வாரம் அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க வந்தாள். அதற்கு அடுத்த வாரமும் அதே அட்டையை எடுக்க வந்தாள். நானா திரும்பி உட்கார்ந்துகொண்டே, “அந்த ஐ.டி.ல இன்னும் எடுக்க என்ன ஈக்கிது?” என்றார். அந்த வருடக் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். பஜாரில் பாதிப் பேருக்குப் பொருத்தம் பார்த்தவன் நான். எங்களுக்கு மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

3. பிழைத்தால் நல்லது

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு, பின்னால் மலை வெடித்து, மழை வந்தால் கோயில் மடத்தில் போய்ப் படுக்க வேண்டிய நிலைமை வந்தது. கீழே ஒரு துண்டுக் காணி கிடைத்தது. அதில் சுவர் எழும்ப வேண்டும் என்றால் இரண்டு பேரில் ஒருவர் வெளிநாடு போக வேண்டும். எனக்குப் பாஷை வராது, ஆட்களோடு பழக வராது. ராஜிதான் குவைத்துக்குப் போனாள். இரண்டு வருட ஒப்பந்தம். அது முடிந்து இன்னொரு இரண்டு வருடம்.

போனில் பேச எனக்கு வராது. “சாப்பிட்டியா?” என்பேன். “ம்” என்பாள். “நீங்க?” என்பாள். “ம்” என்பேன். பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். வைக்கவும் மனசு வராது. எத்தனையோ நாள் அப்படியே போனைக் காதில் வைத்துக்கொண்டு லயத்துக்குக் கீழே ஃபெக்டரி வளைவில் நின்றிருக்கிறேன்.

எங்களைப் பேச வைத்தது கிரிக்கெட்தான். அவள் வேலை செய்கிற வீட்டு டிரைவர் ஒரு மலையாளி. இந்தியாவும் நாங்களும் விளையாடுகிற நாட்களில் சமையலறை வாசலில் வந்து நின்று அவளை வம்புக்கு இழுப்பானாம். அவள் சும்மா விடுகிற ஆள் இல்லை.

“என்னாங்க, நாளைக்கு யாருன்னு பாத்துச் சொல்லுங்க. இந்த சேட்டன் வாய அடைக்கணும்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு பெரிய மேட்ச்சுக்கும் அவளிடமிருந்து வொய்ஸ் வரும். நான் கட்டம் போட்டு, என் குரலில் பதில் அனுப்புவேன். ‘சாப்பிட்டியா’வுக்கு மேல் பேச வராத எனக்கு, குருவைப் பற்றியும் சனியைப் பற்றியும் என்றால் தடங்கலில்லாமல் வரும். ஏழாம் வீட்டில் செவ்வாய் நிற்கிறான், எதிரி கோபமாக விளையாடுவான், முதல் பதினைந்து ஓவர் கவனம் என்றெல்லாம் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவாளாம்.

எத்தனை சரி வந்தது, எத்தனை பிழைத்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. சரி வந்ததை ஊர் சொல்லிக்கொண்டு திரியும். பிழைத்ததை ஊர் மறந்துவிடும். எங்கள் தொழில் நடப்பதே அதில்தான். பந்தயம் கட்டுகிறவர்கள் கேட்டு வந்தால் மட்டும் நான் பார்ப்பதில்லை. இளைய பிள்ளைகளும் பார்க்க வேண்டாம்.

ஆனால் ராஜிக்குச் சொன்னதில் ஒரு விஷயம் கண்டேன். சரி வந்தால் அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வரும். பிழைத்தால் நீளமான வொய்ஸ் வரும். “ஒங்க குருவும் சனியும் எங்க போய்ப் படுத்துட்டாங்க? அந்த ஆளு சமையல்கட்டு வாசல்ல டான்ஸ் ஆடுறான்! ஒங்களால நான் இன்னைக்கு வெளிய தல காட்ட முடியல. இருங்க, வந்து ஒங்க கம்ப்யூட்டர தூக்கி களனி கங்கையில போடுறேன்.” நடுவில் சிரிப்பு. பின்னால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் சத்தம், தண்ணீர் சத்தம். அதை நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். ‘வந்து’ என்று அவள் சொல்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கிறேன். பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கட்டம் போட்ட ஜாதகக்காரன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

4. ராஜி கேட்ட கேள்வி

இந்த வருடம் வைகாசி மாதத்தில் இரண்டாவது ஒப்பந்தம் முடிகிற நேரம். வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. கூரை போடவில்லை. அவள் வருவாளா, இன்னும் இரண்டு வருடம் இருப்பாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கூரை இல்லாத வீட்டுக்கு வா என்று எப்படிச் சொல்வது? அவளும் சொல்லவில்லை. கூரை வேண்டாமா என்று நான் நினைப்பேனோ என்று அவள் நினைத்திருக்கலாம்.

எங்கள் லயத்தில் கவரேஜ் கிடையாது. காலையில் பஸ்ஸுக்கு இறங்கி வரும்போது, ஃபெக்டரி வளைவில்தான் போன் உயிர் பிடிக்கும். அன்று அந்த வளைவில் ராஜியின் வொய்ஸ் வந்து விழுந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. பஸ்ஸுக்குள் நாலு பேர் முன்னால் அவள் குரலைக் கேட்க எனக்குக் கூச்சம். கடையைத் திறந்து, மூலையில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தேன்.

“என்னாங்க, மெடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லிக் கேக்குறாங்க. நாளைக்குத்தான் பதில் சொல்லணும். எனக்கு ஒன்னும் ஓடல. நாளைக்கு கண்டியில மேட்ச் இருக்கு. நம்ம ஆளுங்க ஜெயிச்சா நான் வந்துடுறேன். தோத்தா, இருந்து கூரையப் போட்டுட்டு வர்றேன். நீங்க இன்னைக்கே பாத்துச் சொல்லிட்டா எனக்கு ராத்திரி தூக்கமாவது வரும்.”

இந்தத் தடவை சிரிப்பு இல்லை. பின்னால் தண்ணீர் சத்தமும் இல்லை. அங்கே விடியக் காலை. வீட்டுக்காரர்கள் தொழுகைக்கு எழும்புகிற நேரத்தில், மெதுவாகப் பேசி அனுப்பியிருக்கிறாள்.

கை தன்பாட்டில் கம்ப்யூட்டரைப் போட்டது. நேரம் என்ற பெட்டிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

எந்த நேரத்தைப் போடுவது? அவள் பேசிய நேரத்தையா, நான் கேட்ட நேரத்தையா?

நேரில் வந்து கேட்கிறவரிடம் இந்தப் பிரச்சினை இல்லை. வாயிலிருந்து வருவதும் காதில் விழுவதும் ஒரே நேரம். இத்தனை நாளும் ராஜியின் கேள்விகளுக்கு நான் கேட்ட நேரத்தைத்தான் போட்டேன். அதுதான் சட்டம். கேள்வி ஜோசியனின் காதில் விழுந்து மனசில் பதிகிற நேரம்தான் அதன் பிறந்த நேரம் என்று படித்திருக்கிறேன். இளைய பிள்ளைகளும் அப்படியே செய்யுங்கள்.

அன்றைக்கு நான் இரண்டையும் போட்டேன்.

அவள் பேசிய நேரத்துக்கு ரிஷப இலக்கினம். அதன் சொந்தக்காரன் சுக்கிரன், பதினோராம் வீட்டில், மீனத்தில், உச்சம். இதைவிட நல்ல கட்டம் மேட்ச்சுக்கு அமையாது. நம்மவர்கள் ஜெயிக்கிறார்கள். ராஜி வருகிறாள்.

நான் கேட்ட நேரத்துக்குள் ரிஷபம் முடிந்து மிதுனம் எழும்பிவிட்டது. அதன் சொந்தக்காரன் புதன், பன்னிரண்டில், சூரியனுக்குப் பக்கத்தில் வெளிச்சம் இழந்து கிடக்கிறான். தோல்வி. ராஜி வரமாட்டாள்.

அவள் பேசியதற்கும் நான் கேட்டதற்கும் இடையில் ஒரு ராசி மாறிவிட்டது. வளைவிலேயே கேட்டிருந்தால்கூட மிதுனம்தானா என்று கணக்குப் பார்த்தேன். மிதுனம்தான். அதில் ஒரு ஆறுதலும் இல்லை.

5. நானா திரும்பி உட்கார்ந்தார்

இரண்டு கட்டத்தையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போட்டோக்கொப்பிக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு இளம் தாய் கைப்பிள்ளையோடு வந்து, பெயர் வைக்க எழுத்து வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளைக்கூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நானாவுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்திருந்த கதிரையோடு சேர்ந்து என் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் அவர் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்ததை நான் கண்டதில்லை.

“நான் நம்பப் போறதில்ல. சும்மா கேக்கிறேன். நாளைக்கு யாரு தம்பி?”

விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கட்டத்தையும் காட்டினேன்.

“அப்ப ஒன்டு ஜெயிக்கும்டு சொல்லுது, மத்தது தோக்கும்டு சொல்லுது.”

“ஆமா நானா.”

“சட்டப்படி எது?”

“தோக்கும்ங்கிறதுதான்.”

“வேற யாருக்கும்டா இன்னேரம் அதத்தானே சொல்லி அனுப்பிப் போட்டிருப்பீங்க?”

“ஆமா.”

நானா தாடியைச் சொறிந்தார். “எனக்கு வெளங்காத ஒன்டு ஈக்கிது. ஊட்டுக்கு வாரதுக்கும் பதினொரு பேர் பந்து போடுறதுக்கும் என்ன சம்பந்தம்? வரவா வேணாமான்டு ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சிதே. அத உட்டுட்டு அந்தப் புள்ள என்னத்துக்கு மேட்ச்சப் பாக்கச் சொல்லுது?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு ஆளுக்கு ரீலோட் போட எழும்பிப் போய்விட்டார். ஆனால் நான் திரும்பவும் கட்டத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை யார் ஜெயிப்பது என்று பார்க்கவில்லை. சந்திரனைப் பார்த்தேன்.

கேள்விக் கட்டத்தில் சந்திரன்தான் கேட்கிறவரின் மனசு. எந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பக்கத்தில் இருக்கும். மேட்ச் பார்க்கிற அவசரத்தில் நாங்கள் அதைப் பார்ப்பதில்லை. ஜெயிக்கிறவன் யார் என்று தெரிந்தால் போதும், கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்பது எங்களுக்கு எதற்கு?

சந்திரன் சிம்மத்தில் இருந்தது. அவள் பேசிய கட்டத்தில் அது நாலாம் வீடு. நாலாம் வீடு என்றால் சொந்த வீடு. நான் கேட்ட கட்டத்தில் அதுவே மூன்றாம் வீடு. மூன்றாம் வீடு என்றால் செய்தி, அங்கிருந்து இங்கே வருகிற சொல்.

மேட்ச்சைப் பற்றி இரண்டு கட்டமும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன. அவளைப் பற்றி இரண்டும் அடித்துக்கொள்ளவில்லை. பேசும்போது அவள் மனசு வீட்டில் இருந்திருக்கிறது. நான் கேட்கும்போது அது ஒரு செய்திக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. எந்தச் செய்தி என்று தெரிய எனக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

போனை எடுத்தேன். பேசினேன், அழித்தேன். திரும்பப் பேசினேன், அழித்தேன். சுக்கிரனைப் பற்றிப் பேசினால் வருகிறது. மற்றது வரவில்லை. நானா அங்கிருந்து, “மெஷினுக்குப் பின்னால போய்ப் பேசுங்க, ஒருத்தருக்கும் கேக்காது” என்றார். போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பின்னால் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலால் பேச வேண்டியிருந்தது.

“ராஜி, மேட்ச் தோத்துருவாங்க. கணக்கு அப்பிடித்தான் சொல்லுது. நான் பொய் சொல்லல. ஆனா நீ அதப் பாக்காத. கூரைக்கு இப்போதைக்கு தகரம் போட்டுக்கலாம். இங்க இருக்க முடியல புள்ள. நீ வந்துரு.”

‘நீ வந்துரு’ என்று நான் சொல்லும்போது மெஷின் நின்றுவிட்டது. கடை முழுக்க அது கேட்டது. பெஞ்சில் இருந்த அந்த இளம் தாய் பிள்ளையைத் தட்டிக்கொண்டே, “அண்ணே, இன்னும் கொஞ்சம் சத்தமா சொன்னீங்கன்னா போன் இல்லாமலே குவைத்துக்குக் கேட்டுரும்” என்றாள். ரீலோட் போட வந்தவனும் சிரித்தான். நானா மட்டும் சிரிக்கவில்லை. தன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நான் அதை அழிக்கவில்லை. அனுப்பிவிட்டேன். பின்னேரம் இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. கடை பூட்டும் வரை பார்த்தேன். லயத்துக்கு ஏறினால் கவரேஜ் இல்லை என்பதால் வளைவிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு போன லொறிக்காரன், “என்ன அண்ணே, பஸ் போயிருச்சே?” என்று கேட்டான். நான் போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

6. ஆகவே

நேரம் எடுப்பது எப்படி என்று கேட்ட பிள்ளைகளுக்கு என் பதில் இது. டொஸ் போடுகிற நேரத்துக்குப் பார்ப்பதென்றால் டொஸ் நேரம். ஆள் வந்து கேட்டால் கேட்கிற நேரம். போனில் செய்தி வந்தால், அதை நீங்கள் வாசித்த நேரம். அது வந்து கிடந்த நேரம் அல்ல. எதைப் போட்டாலும், ஏழாம் வீட்டுக்கும் பதினோராம் வீட்டுக்கும் ஓடுவதற்கு முன்னால் சந்திரன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேட்ச்சைப் பற்றிக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் மேட்ச்சைப் பற்றிக் கேட்பதில்லை. அவர்களுக்கு யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், கணக்கு சரியாக இருந்தாலும் வேலை பிழை. இது எனக்கு நாற்பத்தைந்து வயது தாண்டித்தான் விளங்கியது. உங்களுக்கு முந்தியே விளங்கட்டும்.

மறுநாள் கண்டியில் மழை. ஒரு பந்துகூடப் போடாமல் மேட்ச்சை நிறுத்திவிட்டார்கள். யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. அந்த மழைக்கு முன்னாலேயே, ஊருக்குப் போகிறேன் என்று காலையில் மெடத்திடம் சொல்லிவிட்டதாக ராஜியின் வொய்ஸ் வந்தது. வேறு ஆள் கிடைக்கும் வரை இருந்துவிட்டுப் போ என்று மெடம் சொன்னாராம். இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இன்று எங்கள் பக்கமும் மழைதான், கடைக்கு ஆட்கள் குறைவு. ஒரு கல்யாணப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கொடுத்தேன்.